வரிக்கு ஒரு கதை, வைத்தியத்துக்கு ஒரு கதை சொல்ல முடியாது

ஆறு மாதம் ரொறன்ரோவின் ஸ்காபரோ, ஆறு மாதம் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் என்று வாழ்பவர்கள் முன்பு பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். இப்போது நாற்பது வயதுக்காரரும் அப்படி வந்து நிற்கிறார்கள். ஒரு மடிக்கணினி, வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு, லண்டனிலோ ரொறன்ரோவிலோ நாலைந்து வாடிக்கையாளர்கள், அவ்வளவுதான். கணக்கு எழுதுகிறார்கள், இணையத்தளம் செய்கிறார்கள், மொழிபெயர்க்கிறார்கள். முதலாளி என்று ஒருவர் இல்லை. ஆகவே மாதாமாதம் வரியைக் கழித்துக் கட்டவும், காப்புறுதி எடுத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை.

இவர்களோடு கதைத்தால் இரண்டு வசனங்கள் திரும்பத் திரும்ப வரும். "நான் கனடா சிற்றிசன், ஓஹிப் அட்டை இருக்கு." "முப்பது வருசம் லண்டனில ராக்ஸ் கட்டினனான், என்.எச்.எஸ். எனக்குச் சும்மாதானே." ஓஹிப் என்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாண மருத்துவக் காப்புறுதி, என்.எச்.எஸ். பிரித்தானியாவின் அரச மருத்துவ சேவை. இரண்டு நம்பிக்கையும் பிழை. மருத்துவ உரிமையைக் கடவுச்சீட்டும் தீர்மானிப்பதில்லை, கட்டிய வரியும் தீர்மானிப்பதில்லை. எங்கே வாழ்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் லண்டன்காரரை எடுப்போம். என்.எச்.எஸ். வைத்தியசாலையில் இலவசச் சிகிச்சை பெற, அந்த நாட்டில் வழமையாக வசிப்பவராக இருக்க வேண்டும். இத்தனை நாள் என்று எண்ணிக்கை கிடையாது. வீடு, குடும்பம், தொழில் எல்லாம் எங்கே என்று பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் குடியேறிவிட்டு, முழங்கால் ஒபரேசனுக்கு மட்டும் லண்டன் போய் இறங்கினால், பிரித்தானியக் கடவுச்சீட்டு கையில் இருந்தாலும் கட்டணம் உண்டு. அதுவும் என்.எச்.எஸ். தனக்குள் கணக்கிடும் விலையின் 150 வீதம். அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதும் குடும்ப வைத்தியரைச் சந்திப்பதும் எல்லோருக்கும் இலவசம். ஆனால் வார்டில் அனுமதித்தால் கதை மாறிவிடும். மூன்று மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போகிறவரின் பெயரைக் குடும்ப வைத்தியரின் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பதும் விதி. ஒரு நல்ல விடயம்: இனி அங்கேயே இருப்பது என்று திரும்பிப் போனால், போன நாளிலிருந்தே உரிமையும் திரும்பிவிடும்.

பிரித்தானியாவின் தேசியக் காப்புறுதிக் கட்டணத்தை இங்கிருந்தபடி தொடர்ந்து கட்டினால் வைத்தியம் கிடைக்கும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஓய்வூதியத்துக்கான கட்டணம், என்.எச்.எஸ்ஸுக்கான நுழைவுச் சீட்டு இல்லை. அந்த ஓய்வூதியமும் இலங்கையில் வாழ்பவருக்கு ஆண்டுதோறும் அதிகரிக்காது. தொடங்கிய தொகையிலேயே உறைந்து நிற்கும். பலருக்கு இது முதல் வருடம் கூட்டித் தராதபோதுதான் தெரியவருகிறது.

கனடாவில், குறிப்பாக ஒன்ராறியோவில், நாள் கணக்கு வெளிப்படையானது. எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 153 நாள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும், உங்கள் பிரதான வீடும் அங்கேயே இருக்க வேண்டும். அதாவது வெளியே நிற்கக்கூடியது 212 நாள். அந்த வரம்புக்குள் நின்றாலும் யாழ்ப்பாணத்தில் ஓஹிப் அட்டை பெரிதாக உதவாது. வெளிநாட்டில் திடீரென்று நோய் வந்து வார்டில் படுத்தால் நாளுக்கு 200 டொலர்வரை, தீவிர சிகிச்சை போன்ற உயர்நிலைப் பராமரிப்பு என்றால் 400 டொலர்வரை தருவார்கள். வெளிநோயாளராகப் போனால் நாளுக்கு 50 டொலர் உச்சம். முன்கூட்டித் திட்டமிட்ட சிகிச்சைக்கு இந்த வழியில் ஒன்றுமில்லை.

"அதற்குத்தானே பயணக் காப்புறுதி எடுத்திருக்கிறேன்" என்பீர்கள். சரி, அந்தப் பத்திரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். கனடாவில் விற்கப்படும் பயணக் காப்புறுதிகள் பொதுவாக மாகாண மருத்துவ அட்டை செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகின்றன. 212 நாளைத் தாண்டி அட்டை செத்தால், அதன்மேல் ஏறி நின்ற காப்புறுதியும் சேர்ந்து விழும். லண்டனில் எடுத்தவையும் பெரும்பாலும் இப்படித்தான்: வதிவிடம் பிரித்தானியாவாக இருக்க வேண்டும், பயணத்துக்குத் திரும்பும் திகதி இருக்க வேண்டும். நீண்டகாலம் ஊரில் இருக்கப் போகிறவருக்குத் தேவை பயணக் காப்புறுதி இல்லை. வெளிநாட்டில் வாழ்பவருக்கான மருத்துவக் காப்புறுதி, அல்லது இலங்கைக் கொம்பனி ஒன்றின் மருத்துவக் காப்புறுதி. இரண்டிலும் சீனியும் பிரஷரும் ஏற்கெனவே இருந்தால் கேள்வி வரும். மறைத்து எடுக்க வேண்டாம். பணம் கேட்கும் நாளில்தான் பழைய மருத்துவக் குறிப்புகளைத் தோண்டுவார்கள். இதை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்: எட்டு வருடமாகக் குடித்த ஒரு குளிசை, படிவத்தில் எழுதாமல் விட்டதால் முழுச் செலவும் குடும்பத்தின் தலையில் விழுந்தது.

ஊரில் என்ன உண்டு? இலங்கைக் குடியுரிமை, அல்லது இரட்டைக் குடியுரிமை இருந்தால் அரச வைத்தியசாலைகள் உங்களுக்கும் இலவசம். யாழ் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகள் எல்லாம் அதில் அடக்கம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்சும் இலவசம். அந்தச் சேவை நாடு முழுவதுக்குமாக விரியத் தொடங்கியது 2018 ஜூலையில், அதற்கான தொடக்க விழா நடந்ததே யாழ்ப்பாணத்தில்தான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர் இலவசத்தை உரிமையாகக் கேட்க முடியாது. கிளினிக் வரிசையும் கட்டில் நெருக்கடியும் தாங்காதவர்கள் தனியார் பக்கம் போகிறார்கள். அங்கே காசோ காப்புறுதியோ முன்னால் வைக்க வேண்டும்.

இனி வரி. இலங்கையின் வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 183 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் நீங்கள் வரிக்கு வதிவாளர். உலகத்தில் எங்கே உழைத்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். மார்ச் 31ஐ நடுவில் வைத்துக் கெட்டித்தனமாக நாளைப் பிரிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நவம்பர் 15இல் வந்து ஜூன் 14இல் போகிறார் என்று வைப்போம். ஒரு வரி ஆண்டில் 137 நாள், அடுத்ததில் 75. இரண்டும் 183க்குக் கீழேதான். ஆனால் சட்டம் பார்ப்பது அந்த ஆண்டுக்குள் தொடங்கும் அல்லது முடியும் எந்த 12 மாதத்தையும். கூட்டினால் 212. அகப்பட்டுவிட்டார்.

212 என்றவுடன் ஒன்று விளங்கியிருக்கும். ஓஹிப் கணக்கில் அவர் இன்னும் ஒன்ராறியோக்காரர், இலங்கை வரிக் கணக்கில் யாழ்ப்பாணத்துக்காரர். கனடாவில் வீடும் மனைவி பிள்ளைகளும் இருந்தால் கனடா வரித்துறைக்கும் அவர் கனடாக்காரரே. இரண்டு நாடும் ஒரே உழைப்பைக் கேட்கும்போது உதவுவது இரட்டை வரி விலக்கு ஒப்பந்தம். பிரித்தானியாவுடன் 1979இலும் கனடாவுடன் 1982இலும் இலங்கை செய்துகொண்டது. நிரந்தர வீடு எங்கே, வாழ்க்கையின் பிணைப்புகள் எங்கே என்று வரிசையாகக் கேட்டு, ஒருவர் எந்த நாட்டுக்காரர் என்று அது தீர்க்கும். ஒரு நாட்டில் கட்டியதை மற்ற நாட்டில் கழிக்கவும் வழி உண்டு. ஆனால் இது தானாக நடக்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும், பற்றுச்சீட்டும் காட்ட வேண்டும். 183 நாளுக்குக் குறைவாக நின்றால் முற்றாகத் தப்பினோம் என்றும் இல்லை: கோண்டாவிலில் இருந்து செய்த வேலையின் வருமானத்தை இலங்கையில் எழுந்த வருமானமாகப் பார்க்க இடமுண்டு. அங்கேயும் ஒப்பந்தத்தைத்தான் எடுத்துக் காட்ட வேண்டிவரும்.

எவ்வளவு கட்ட வேண்டும்? பயந்த அளவுக்கு இல்லை. 2025 ஏப்ரலில் இருந்து வரி இல்லாத தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, வெளிநாட்டில் பயன்படும் சேவை செய்து, வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக இலங்கைக்குக் கொண்டுவரும் வருமானத்துக்கு உச்ச வரி 15 வீதம். முன்பு இது முழுவிலக்காக இருந்தது, அந்தக் காலம் 2025 மார்ச்சோடு முடிந்தது. மாதம் 3 இலட்சம் வருகிறவரைப் பாருங்கள். ஆண்டுக்கு 36 இலட்சம், நிவாரணம் போக 18 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், 60,000. மிச்சம் 8 இலட்சத்துக்கு 15 வீதம், 120,000. ஆக 180,000 ரூபாய். அதே காசு வங்கிக்கு வெளியே, உண்டியல்காரர் கைமாற்றும் வழியில் வந்திருந்தால் 15 வீதச் சலுகை கிடையாது. 6, 18, 24 என்று ஏறும் சாதாரண வீதத்தில் 222,000 ஆகும், ஏறிக்கொண்டே போனால் 36 வீதம்வரை. உண்டியல் சட்டவிரோதம் என்பது வேறு. யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்கு இணையத்தளம் செய்துகொடுத்த காசுக்கும் இந்தச் சலுகை இல்லை.

வரி இலக்கத்தை இணையத்தில் எடுக்கலாம், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்திலும் கேட்கலாம். வரியை நான்கு தவணையாகக் கட்ட வேண்டும்: ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களில் 15ஆம் திகதி. மிச்சம் செப்டெம்பர் 30க்குள், வருமான விவரத்திரட்டு நவம்பர் 30க்குள். கனடாவின் ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, பிரித்தானியாவினது ஏப்ரல் 6இல். மூன்றும் வேறு வேறு என்பதால் வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஒவ்வொரு பில்லிலும் திகதியை ஒழுங்காக எழுதி வையுங்கள்.

இதில் எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கனடா வரித்துறைக்கு "நான் நாட்டைவிட்டுப் போய்விட்டேன்" என்று எழுதிக் கொடுப்பது, அதே மாதம் ஓஹிப் அலுவலகத்தில் "இங்கேதான் இருக்கிறேன்" என்று கையெழுத்து வைப்பது. இந்தப் பக்கம் வரி கேட்டால் சுற்றுலாவுக்கு வந்தவர், வைத்தியசாலைக்குப் போனால் ஊர்ப்பிள்ளை. இப்படிச் சொல்லித் தப்பியவர்கள் உண்டு, ஆனால் கடவுச்சீட்டில் குத்திய முத்திரையும் விமான நிலையப் பதிவும் ஒரு கதையைத்தான் சொல்லும். போனேன் என்றால் போனதாகவே இருங்கள்: மருத்துவ அட்டையை விடுங்கள், அதை விடுவதற்கு முன் புதுக் காப்புறுதியை எடுத்து முடியுங்கள். போகவில்லை என்றால் 183ஆம் நாளுக்கு முன்னரே ரிக்கற்றைப் போடுங்கள்.