வெயில் சதம் அடித்தால் என்ன அர்த்தம்?

சித்திரை பிறந்தால் போதும், "வேலூரில் வெயில் சதம் அடித்தது" என்று நாளிதழ்கள் எழுதத் தொடங்கிவிடும். அந்த நூறு, ஃபாரன்ஹீட் கணக்கு. வானிலை ஆய்வு மையம் அளப்பதோ செல்சியஸில். அதே வெயில் அங்கே 37.8. அதை யார் தலைப்பாகப் போடுவார்கள்?

எதைப் பூஜ்ஜியம் என்று வைக்கிறோம், ஒரு டிகிரியை எவ்வளவு பெரிதாக எடுக்கிறோம், இந்த இரண்டும்தான் எண்ணைத் தீர்மானிக்கின்றன. பனிக்கட்டி, தண்ணீர், நவச்சார உப்பு மூன்றும் கலந்த கலவையின் குளிரைப் பூஜ்ஜியம் என்று 1724-இல் எழுதினார் ஃபாரன்ஹீட். உருகும் பனிக்கட்டிக்கு 32, ஆரோக்கியமான உடலுக்கு 96. ஸ்வீடன்காரரான ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் தண்ணீரை மட்டும் நம்பினார். வேடிக்கை என்னவென்றால், அவர் கொதிநிலைக்கு 0 என்றும் உறைநிலைக்கு 100 என்றும் வைத்தார். சூடு ஏற ஏற எண் இறங்கும்! அதை நேராகத் திருப்பியது மற்றவர்கள். காய்ச்சல் இல்லாத உடலுக்கு நாம் சொல்லும் 98.6-உம் இப்படி வந்ததுதான். ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக் 1868-இல் தந்த முழு எண் 37 செல்சியஸ். ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியதில் ஒரு தசமம் ஒட்டிக்கொண்டது.

சரி, 40 டிகிரி என்பது 20 டிகிரியைப்போல இரண்டு மடங்கு சூடா? ஃபாரன்ஹீட்டில் அவை 104, 68. மடங்குக் கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது. ஒரு பொருளின் மூலக்கூறுகள் சராசரியாக எவ்வளவு துடிப்பாக அசைகின்றன என்பதைத்தான் வெப்பநிலை சொல்கிறது. அந்த அசைவை இதற்குமேல் குறைக்கவே முடியாது என்ற எல்லை மைனஸ் 273.15 செல்சியஸ். அங்கிருந்து எண்ணும் அளவுகோலை 1848-இல் முன்வைத்தவர், பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன். அவர் கணக்கில் 20 டிகிரி 293 ஆகும், 40 டிகிரி 313 ஆகும். வித்தியாசம் ஏழு சதவீதம்கூட இல்லை.

அந்த ஏழு சதவீதத்துக்குள்தான் நம் பாடு. உடலுக்குள்ளே 37 டிகிரி. தோலில் அதைவிட இரண்டு மூன்று குறைவு. உள்ளே உண்டாகும் சூட்டை நிற்காமல் வெளியேற்றிக்கொண்டே இருந்தால்தான் உடம்பு தாங்கும். தோலுக்குத் தெரிவதும் பெரும்பாலும் இந்தப் போக்குவரத்துதான். ஒரே அறையில் இருக்கும் எவர்சில்வர் தட்டு சில்லென்று இருக்கிறது, மரப்பலகை அப்படி இல்லை. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே, ஆனால் உலோகம் நம் சூட்டை வேகமாக இழுக்கிறது. காற்றின் சூடு தோலைத் தாண்டிவிட்டால் ஓட்டம் திசை மாறும். காற்று நமக்குச் சூடு தரத் தொடங்கும். அப்புறம் கைகொடுப்பது வியர்வை ஒன்றுதான், அதுவும் காய்ந்தால்தான். ஈரக்காற்று அதைக் காயவிடாது. திருச்சியில் 40 டிகிரியைத் தாங்கியவர் சென்னையின் 37-இல் தவிப்பது இதனால்தான்.

இந்திய வானிலைத் துறையும் எல்லா ஊருக்கும் ஒரே கோடு போடுவதில்லை. வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளியில் 40, கடலோரத்தில் 37, மலையில் 30 டிகிரியாவது தொட்டிருக்க வேண்டும். கூடவே, சமவெளியில் 45-ஐத் தொட்டாலொழிய, அந்த ஊரின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது ஏறியிருக்க வேண்டும். மே மாதச் சென்னைக்கு 37, 38 சகஜம் என்பதால், அங்கே சதம் அடித்தாலும் இந்தக் கணக்கில் அது வெப்ப அலை ஆகாது. ஊட்டி 30-ஐத் தொட்டால் ஆகிவிடும்.