‘பாஸ் அவுட்’: கல்லூரியில் ஒரு பொருள், வார்டில் வேறு பொருள்

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குச் செல்லவிருக்கும் செவிலியர்களை, மருத்துவத் துறையினருக்கென நடத்தப்படும் ஓஇடி (OET) ஆங்கிலத் தேர்வுக்குத் தயார்செய்வது என் தொழில். அத்தேர்வின் பேச்சுப் பகுதியில், கொடுக்கப்படும் அட்டையை மூன்று நிமிடம் படித்துவிட்டு, நோயாளியாகப் பேசுபவருடன் ஏறத்தாழ ஐந்து நிமிடம் உரையாட வேண்டும். சென்ற மாதம் ஒரு மாதிரித் தேர்வில் நோயாளியாக அமர்ந்த நான், ‘ஐ பாஸ்டு அவுட் இன் த பாத்ரூம்’ என்றேன். எதிரே இருந்தவர் ஆறு ஆண்டுகள் வார்டில் பணியாற்றியவர். ஒரு நொடி தயங்கிவிட்டு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்ததா என்று கேட்டார். ‘யூரின் பாஸ் பண்ணீங்களா’ என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய காதில் ‘பாஸ்’, ‘பாத்ரூம்’ என்ற இரு சொற்கள் மட்டுமே விழுந்திருக்கின்றன. நான் சொன்னதோ மயங்கி விழுந்ததை.

நம் ஊரில் ‘பாஸ் அவுட்’ என்றால் படிப்பை முடிப்பது. ‘2018 பாஸ் அவுட்’ என்று எழுதாத சுயவிவரத்தை நான் அரிதாகவே பார்க்கிறேன். இதை முழுப் பிழை என்று தள்ளவும் முடியாது, ஏனெனில் பிரிட்டனில் இராணுவத்திலும் காவல்துறையிலும் பயிற்சி முடிப்பதை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். சென்னைப் பரங்கிமலையில் உள்ள இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் நடப்பதும் ‘பாஸிங் அவுட் பரேடு’தான். ஆயினும் நோயாளியின் வாயில் அது வந்தால் நினைவிழந்ததையே குறிக்கும். சுயவிவரத்தில் ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதிவிட்டால் அந்தப் பக்கக் குழப்பம் தீர்ந்தது.

‘பாஸ்’, ‘அவுட்’ இரண்டையும் தனித்தனியாக அகராதியில் பார்த்துப் பயனில்லை. ‘போட்டுக்கொடுத்தான்’ என்பதில் போடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்பது நமக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஒட்டு மாறினால் பொருளே மாறிவிடும்: ‘பாஸ்டு அவே’ என்றால் காலமானார். மயங்கியவரைப் பற்றி உறவினரிடம் தொலைபேசியில் பேசும்போது இவ்விரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று: ‘பாஸ் அவுட்’ பேச்சுக்கு உரியது. தேர்வின் எழுத்துப் பகுதியில் வரும் பரிந்துரைக் கடிதத்தில் ‘லாஸ்ட் கான்ஷியஸ்னஸ்’ என்று எழுதுவதே பொருத்தம்.

அந்தச் செவிலியரை மறுநாள் மீண்டும் அமரவைத்து அதே வாக்கியத்தைச் சொன்னேன். இம்முறை, விழுவதற்கு முன் தலை சுற்றியதா, தலையில் அடிபட்டதா, இரத்த அழுத்த மாத்திரை ஏதும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ‘ஹவ் லாங் பிஃபோர் யூ கேம் ரவுண்ட்?’ என்று, நினைவு திரும்பியதற்கான சொல்லையும் அவராகவே எடுத்துப் போட்டார்.