உரசாமலும் மின்னேறும்

ஒட்டும் டேப்பில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு துண்டுகளைக் கிழித்துக்கொண்டு, ஒன்றை மேசைப் பரப்பில் ஒட்டி, அதன் முதுகின் மேலேயே மற்றதையும் ஒட்டுங்கள். இரண்டையும் சேர்த்தே மேசையிலிருந்து மெதுவாக உரித்தெடுத்து, உரித்தபோது ஏறிய மின்னூட்டம் நீங்கும்படி விரலால் ஒருமுறை நீளவாக்கில் தடவிவிட்டு, பிறகு இரண்டையும் சட்டென்று தனித்தனியே பிரித்துவிடுங்கள். கைக்கு ஒன்றாகத் தொங்கும் அந்தத் துண்டுகளை அருகில் கொண்டுவந்தால், சில சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்போதே அவை ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து சென்று ஒட்டிக்கொள்ளும். வேறு இரண்டு துண்டுகளை மேசையில் பக்கம் பக்கமாக ஒட்டி வேகமாக உரித்தால் நிலைமை தலைகீழாகிவிடும். எவ்வளவு முயன்றாலும் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகியே நிற்கும்.

இந்தச் சோதனையில் மின்னேற்றுவதற்காக எதுவும் எதன் மீதும் தேய்க்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'உராய்வினால் மின்னேற்றம்' என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் இடறும். அந்தப் பெயர் முற்றிலும் தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் நடப்பதில் முக்கியமான பாதியை அது மறைத்துவிடுகிறது. இரண்டு பொருள்களின் பரப்புகள் தொடுவதும், பின்னர் பிரிவதும்தான் மின்னூட்டத்துக்கு வேண்டியவை.

எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும் அதில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் ஏராளமாக, ஆனால் சமமாக இருக்கின்றன. இரண்டு வெவ்வேறு பரப்புகள் தொட்டுக்கொள்ளும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குச் சிறிதளவு மின்னூட்டம் இடம் மாறுகிறது. புதிதாக எதுவும் உண்டாவதில்லை. ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் அதே அளவு குறைகிறது. மின்னூட்டத்தில் இரண்டு வகை உண்டு என்பதை 1733இல் கண்டுகொண்ட பிரெஞ்சு அறிவியலாளர் துஃபே, அவற்றுக்குக் கண்ணாடி வகை, பிசின் வகை என்று பெயரிட்டார். அவற்றை நேர், எதிர் என்று மாற்றியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். எதை நேர் என்று அழைப்பது என்பதில் அவர் செய்தது ஓர் ஊகமே. 1897இல் எலக்ட்ரான் கண்டறியப்பட்டபோது, நகரும் துகளுக்கு எதிர்க்குறி வாய்த்திருந்தது. மாணவர்கள் இன்றளவும் அந்த ஊகத்தின் குழப்பத்தைச் சுமக்கிறார்கள்.

இடம் மாறும் அளவு வியப்பூட்டும் வகையில் சிறியது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேலடுக்கில் ஏறத்தாழ பத்துக் கோடி கோடி அணுக்கள் இருக்கின்றன. காற்றில் தீப்பொறி கிளம்பாமல் அந்தப் பரப்பு தாங்கக்கூடிய உபரி எலக்ட்ரான்களோ ஆயிரத்துச் சொச்சம் கோடிதான். அதாவது, பல பத்தாயிரம் அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான் கூடினாலோ குறைந்தாலோ போதும். தலைமுடி சிலிர்த்து நிற்பதற்கும் கதவுப்பிடியில் சுரீர் என்று அடிப்பதற்கும் அதற்கு மேல் தேவையில்லை.

அப்படியானால் தேய்ப்பதால் என்ன பயன்? கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பும் நுண்ணோக்கியில் மேடு பள்ளமாகவே இருக்கும். இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் உண்மையில் தொட்டுக்கொள்பவை சில மேட்டு முனைகள் மட்டுமே. தேய்க்கும்போது புதிய புதிய முனைகள் தொட்டுப் பிரிகின்றன. தொடும் பரப்பு பல மடங்கு பெருகுகிறது. டேப்பில் உள்ள பசை மேடு பள்ளங்களுக்குள் தானாகவே பரவி நெருங்கிவிடுவதால் அதற்குத் தேய்ப்பு தேவைப்படுவதில்லை.

தொடுதலைவிடப் பிரிதலில்தான் சுவையான இயற்பியல் இருக்கிறது. நைலான் உடை அணிந்த ஒருவர் கார் இருக்கையில் அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடைக்கும் இருக்கைக்கும் இடையே மின்னூட்டம் ஏற்கெனவே இடம் மாறியிருந்தாலும், எதிரெதிர் மின்னூட்டங்கள் நெருங்கி அமர்ந்திருப்பதால் அவற்றுக்கிடையே மின்னழுத்தம் மிகக் குறைவு. அவர் எழுந்திருக்கும்போது, ஒன்றையொன்று ஈர்க்கும் அந்த மின்னூட்டங்களை அவருடைய தசைகள் வலிந்து பிரிக்கின்றன. மின்னூட்டத்தின் அளவு மாறவில்லை, இடைவெளி மட்டும் கூடுகிறது. அதனுடன் மின்னழுத்தமும் ஏறுகிறது. இருக்கையில் இருந்தபோது எதையும் உணராதவர், வெளியே கால் வைத்து நிற்கும்போது சுமார் 10,000 வோல்ட் மின்னழுத்தத்தில் நிற்கக்கூடும். அந்த ஆற்றல் எந்தக் கம்பி வழியாகவும் வந்ததல்ல. எழுந்து நின்ற உழைப்பில் ஒரு துளி மின்னாற்றலாக மாறியிருக்கிறது, அவ்வளவே. காரின் உலோகச் சட்டத்தைப் பிடித்தபடியே இறங்கினால் மின்னூட்டம் ஏற ஏறக் கசிந்துவிடும் என்பதால் அதிர்ச்சி ஏற்படாது.

10,000 வோல்ட் ஏன் ஆளைக் கொல்வதில்லை? மனித உடலின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறன், மிகச் சிறியது. அதைச் சுமார் நூறு பிக்கோஃபாரட் என்று கொண்டால், அந்த மின்னழுத்தத்தில் உடலில் சேர்ந்திருப்பது ஒரு மைக்ரோகூலூம் மட்டுமே. எலக்ட்ரான் கணக்கில் அது ஆறு லட்சம் கோடி. ஆற்றல் கணக்கில் 5 மில்லிஜூல். அதுவும் கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும். காற்றில் தீப்பொறி பாய ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் வேண்டும். ஆகவே விரலிலிருந்து கதவுப்பிடிக்குத் தாவும் பொறி சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். விரலுக்குப் பதிலாகச் சாவியை நீட்டினால் பொறி சாவியின் நுனியில் விழும். கையில் வலி குறையும்.

மனிதருக்கு அற்பமான 5 மில்லிஜூல் மற்ற எல்லாவற்றுக்கும் அற்பமல்ல. பெட்ரோல் ஆவியும் காற்றும் தக்க விகிதத்தில் கலந்திருந்தால் தீப்பிடிக்க 0.2 மில்லிஜூல் அளவே போதும். சில நுண்சில்லுகள் 100 வோல்ட்டுக்கும் குறைவான மின்னிறக்கத்தில் பழுதாகிவிடும். நமக்கு உறைக்கவோ இரண்டாயிரம், மூவாயிரம் வோல்ட்டாவது வேண்டும். அதனால்தான் அவற்றைக் கையாளுபவர்கள் புவியுடன் இணைத்த பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள்.

வறண்ட காலத்தில் இந்தத் தொல்லை கூடுவதற்கு, ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதைக் காரணமாகப் பலரும் சொல்வார்கள். அது சரியல்ல, ஈரக்காற்றும் நல்ல மின்காப்பானே. காற்றிலுள்ள நீராவி பொருள்களின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலத்தின் வழியாகத்தான் மின்னூட்டம் வழிந்தோடுகிறது.

மின்னேறிய சீப்பு, மின்னேறாத காகிதத் துணுக்கையும் ஈர்ப்பதற்குக் காரணம் வேறு. எதிர் மின்னூட்டமுள்ள சீப்பு நெருங்கும்போது துணுக்கிலுள்ள எலக்ட்ரான்கள் சற்றே பின்வாங்க, சீப்பை நோக்கிய முகம் நேர்த்தன்மை பெறுகிறது. அருகிலிருக்கும் முகத்தின் மீதான ஈர்ப்பு, தொலைவிலிருக்கும் முகத்தின் மீதான விலக்கத்தை வென்றுவிடுகிறது. கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: சீப்பில் ஒட்டிய சில துணுக்குகள் ஓரிரு நொடிகளில் வெடுக்கென்று தெறித்து விழும். தொட்டிருந்த நேரத்தில் சீப்பின் மின்னூட்டத்தில் பங்கு பெற்று அவையும் எதிர்த்தன்மை அடைந்துவிட்டதே காரணம்.

இவ்வளவு தெளிவாக விளக்க முடிந்தாலும், தொடும் கணத்தில் எது இடம் மாறுகிறது என்ற அடிப்படைக் கேள்வி இன்னும் தீரவில்லை. உலோகங்களில் விடை எளிது: எலக்ட்ரானை வெளியேற்ற அதிக ஆற்றல் தேவைப்படும் உலோகம் மற்றதிடமிருந்து எலக்ட்ரானைப் பெறுகிறது. பிளாஸ்டிக் போன்ற காப்பான்களில் எலக்ட்ரான்கள் நகர்கின்றனவா, பரப்பிலுள்ள அயனிகள் (மின்னூட்டமுள்ள அணுக்கள் அல்லது மூலக்கூறுகள்) நகர்கின்றனவா, அல்லது பொருளின் நுண்துணுக்குகளே பிய்ந்து மின்னூட்டத்துடன் ஒட்டிக்கொள்கின்றனவா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வு, தொட்டுப் பிரித்த பாலிமர் (பிளாஸ்டிக் போன்ற பொருள்) பரப்பு ஒரே சீராக மின்னேறாமல், நேரும் எதிருமான நுண்திட்டுகள் கலந்து கிடப்பதைக் காட்டியது. ஒரு பொருள் நேராகிறது, மற்றது எதிராகிறது என்று பாடநூல்கள் சொல்வது, அந்தத் திட்டுகளைக் கூட்டிக் கழித்து மிஞ்சும் மீதியைத்தான்.

இதைவிடச் சங்கடமானது, ஒரே பொருளின் துகள்கள் தமக்குள் மோதி மின்னேறுவது. எலக்ட்ரானை விரும்பும் பொருள், விட்டுக்கொடுக்கும் பொருள் என்ற பாகுபாட்டுக்கு அங்கே இடமே இல்லை. ஆனாலும் மணல் துகள்கள் மோதும்போது பெரும்பாலும் பெரியவை நேராகவும் சிறியவை எதிராகவும் மின்னேறுகின்றன. காற்று சிறியவற்றை உயரத் தூக்கிச் செல்ல, புழுதிப் புயலுக்குள் மின்புலம் எழுகிறது. எரிமலை உமிழும் சாம்பல் மேகத்தில் மின்னல் வெட்டுவதிலும் துகள்களின் இந்த மோதலுக்குப் பெரும் பங்கு உண்டு.