பனி இறங்கினால் இணையம் ஏன் படுத்துக்கொள்கிறது?

ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பனி இறங்கினாலே இணையம் நின்றுவிடுகிறது. பனிதானே காரணம்?"

சேர்வராயன் மலையில் பலரும் இதை நம்புகிறார்கள். ஆனால் கம்பியில்லா இணையத்தைச் சுமக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். மூடுபனித் துளியோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அந்த அலையை அது தடுப்பதில்லை என்றே சொல்லலாம். பழியைப் பனிமேல் போடும் முன் கம்பியில் என்ன ஓடுகிறது என்று பார்த்துவிடலாம்.

லினக்ஸ், மேக் கணினிகளின் டெர்மினலில் ஓடும் டிசிபிடம்ப் இதற்கானது; கணினிக்கு வந்துபோகும் தரவைப் பிடித்துக் காட்டும் கருவி. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் 400 கெஜம் தள்ளியிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்கு விழுந்தது. ஏன் என்று துருவியவர்களில் ஒருவரான வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோருடன் சேர்ந்து 1988-இல் இந்தக் கருவியை எழுதினார். அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வகம் அது. சேலம் அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களிலும் இப்படித் துருவிப் பார்க்கத் தாராளமாக நிதி தரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணினிக்கு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், வரும். நமக்கு வேண்டியதோ பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் பாக்கெட் மட்டும். எல்லாவற்றையும் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலிருந்து நகலெடுத்து வந்து பிறகு கழிப்பது, சேலம் மண்டியில் ஒதுக்கவேண்டிய மாம்பழத்தைச் சென்னைவரை லாரியில் ஏற்றிப் போய் ஒதுக்குவது மாதிரி. மெக்கேனும் ஜேக்கப்சனும் கழிக்கிற வேலையைக் கெர்னலுக்குள்ளேயே வைத்தார்கள். அவர்கள் அமைத்த அந்தப் பாக்கெட் வடிகட்டியான பிபிஎஃப் எனக்கு அலுக்காத அழகு.

டிஎன்எஸ் கேள்விகள் வழக்கமாக யுடிபி என்ற அனுப்பும் முறையில், போர்ட் எனப்படும் வாசல் எண் 53-க்குப் போகும். 'யுடிபி போர்ட் 53' என்று தட்டினால் அது ஒரு குட்டி நிரலாக மாறிக் கெர்னலுக்குள் போகிறது. பாக்கெட்டின் முதல் பைட்டை 0 என்று எண்ணுங்கள். 12-ஆம் பைட்டிலிருந்து இரண்டு பைட்டை எடு. 2048 என்றால் ஐபிவி4 என்ற முகவரி முறை. 23-ஆம் பைட் 17 என்றால் யுடிபி. இனி போர்ட் எண். முகவரிகளைத் தாங்கும் ஐபி தலைப்பின் நீளம் மாறக்கூடியது என்பதால், 14-ஆம் பைட்டின் கடைசி நான்கு பிட்டை நான்கால் பெருக்கி நீளத்தைக் கண்டுபிடித்து, அந்தத் தலைப்பைத் தாண்டிப்போய் 53 இருக்கிறதா என்று பார். இருந்தால் எடு, இல்லாவிட்டால் விடு. இந்த நிரலில் முன்னோக்கி மட்டுமே தாவமுடியும். அதனால் சுழலில் சிக்கிக் கெர்னலை முடக்கவே முடியாது. எப்படியும் முடிந்தே தீரும். யாரோ தட்டிய வரியைக் கெர்னல் நம்பி ஓட்டுவதற்கு இந்த ஒரு கட்டுப்பாடு எவ்வளவு உதவுகிறது பாருங்கள்! மைனஸ் டி என்று சேர்த்துத் தட்டினால் நிரலையே வரிவரியாகப் படிக்கலாம்.

சரி, விடுதிக்கு வருவோம். இணையம் நிற்கும் நேரத்தில் இதை ஓடவிடுங்கள். லினக்ஸில் ஒரே கேள்வி 5 விநாடி கழித்து மறுபடி போனால், முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று அர்த்தம். பதிலுக்கு அது வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் அது. பதில்கள் உடனுக்குடன் வந்தும் பக்கம் திறக்கவில்லையா? டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டு, வழக்கமாகப் பக்கத்தைச் சுமந்துவரும் டிசிபி பாக்கெட்டுகளைப் பிடியுங்கள். ஒரே வரிசை எண் திரும்பத் திரும்பப் போனால் வழியில் பாக்கெட் தொலைகிறது. மைனஸ் டபிள்யூ போட்டு ஒரு கோப்பில் சேமித்தால், வெயில் நாளில் பிடித்ததோடு ஒப்பிடலாம். உங்கள் சொந்தக் கணினியின் போக்குவரத்தை மட்டும் பிடியுங்கள், விருந்தினருடையதைத் தொடாதீர்கள்.