கண் திறந்ததும் காபி கொடுக்காதீர்கள்

நரம்பியல் வார்டில் புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கும், நோயாளிகளின் வீட்டாருக்கும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நினைவு மட்டத்தை அளப்பது, வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்பது, படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடுவது என்று பாடங்கள் நிறைய. நான் அதிகம் மல்லுக்கட்டுவது விழுங்கும் விஷயத்தில்தான்.

பக்கவாதம் வந்தவர் கண் திறந்து பார்த்ததும் வீட்டாருக்கு முதலில் தோன்றுவது, "ராத்திரியிலிருந்து பட்டினி, ஒரு வாய் காபி குடிச்சா தெம்பா இருக்கும்" என்பது. பாசம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் கை, காலோடு தொண்டைத் தசையும் தளர்ந்திருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் விழுங்குவதில் சிக்கல் இருக்கும். இவர்களில் பலருக்குக் கெட்டியான உணவைவிடத் தண்ணீரும் காபியும்தான் ஆபத்து. மூச்சுக்குழல் மூடிக்கொள்ளும் முன்பே வழுக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிடும். அப்புறம் காய்ச்சல், சளி, நிமோனியா.

"இருமவே இல்லையே சிஸ்டர், நல்லாத்தானே முழுங்கினார்?" என்பார்கள். தொண்டையில் உணர்ச்சி மழுங்கியிருந்தால் புரையேறுவதே வெளியே தெரியாது. இருமல் வரவில்லை என்பதை நம்பவே கூடாது.

அதனால்தான் விழுங்கும் பரிசோதனை முடியும்வரை வாய்வழியாக எதுவும், மாத்திரைகூட, கொடுப்பதில்லை. நோயாளி நன்றாக விழித்திருக்க வேண்டும், நிமிர்ந்து உட்கார வேண்டும், சொன்னால் இருமிக் காட்ட வேண்டும். அதன்பிறகு டீஸ்பூனில் கொஞ்சம் தண்ணீர். புதிய செவிலியர்கள் ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விரலைக் குரல்வளை மேல் லேசாக வைத்து, அது மேலேறி இறங்குகிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்வேன். விழுங்கியதும் "ஆ" என்று சொல்லச் சொல்ல வேண்டும். குரல் ஈரமாக, களகளவென்று வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளரைக் கூப்பிட வேண்டும்.

இதைச் சின்ன வேலை என்று நினைக்கும் மருத்துவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 ஸ்ட்ரோக் பிரிவுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. காய்ச்சல், ரத்தச் சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் செவிலியர்கள் முறைப்படி கவனித்த இடங்களில், 90 நாள் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் சேர்ந்த மொத்த எண்ணிக்கை கணிசமாகக் குறைந்திருந்தது. புது மருந்தோ பெரிய மெஷினோ இல்லை. தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர், ஸ்பூன்.

வீட்டாருக்குச் சொல்லித்தருவது இதைவிடக் கஷ்டம். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தக் கேள்வியை நான் இப்போது கேட்பதே இல்லை. "வீட்ல எப்படி ஊட்டுவீங்க, செஞ்சு காட்டுங்க" என்பேன். அப்போதுதான் தவறுகள் கண்ணில் படும். ஒரு அம்மா கணவரை அழகாக நிமிர்த்தி உட்காரவைத்தார், கஞ்சியும் சரியான பதம். ஆனால் நின்றுகொண்டே ஊட்டினார். அவர் முகத்தைப் பார்க்க அண்ணாந்த மனிதருக்குக் கழுத்து பின்னால் சாய்ந்தது. புரையேற அது போதும். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து ஊட்டச் சொன்னேன். தாடை தானாகவே இறங்கிவிட்டது. டிஸ்சார்ஜ் அன்று கையில் திணிக்கும் அச்சடித்த தாளில் இந்த ஸ்டூல் இருக்காது.

இன்னொரு சிக்கல், கற்றுக்கொள்பவர் ஒருவர், ஊட்டுபவர் வேறொருவர். பகலில் மகன் பாடம் கேட்பார், வீட்டில் ஊட்டப்போவது மருமகளோ சம்பளத்துக்கு வரும் ஆளோ. அவரை அழைத்துவரச் சொல்லி அடம் பிடிப்பேன். கொஞ்சம் கெட்ட பெயர்தான், பரவாயில்லை.

ஊட்டி முடித்ததும் செயலிழந்த பக்கக் கன்னத்துக்குள் உணவு ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரமாவது படுக்கவிடாதீர்கள். மூக்குக் குழாயில் உணவு போகிறவருக்கும் தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும். வாய்வழியாகச் சாப்பிடாவிட்டாலும் தினமும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும், ஏனென்றால் எச்சிலில் உள்ள கிருமியும் நுரையீரலுக்குள் இறங்கும். குழாய் கொஞ்சம் வெளியே வந்துவிட்டால் நீங்களே உள்ளே தள்ளாதீர்கள், உணவை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். சாப்பிட்டபின் குரல் மாறினாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே கிளம்புங்கள்.