பௌர்ணமி நிலவில் ஒரு வெள்ளைத் தெறிப்பு

அடுத்த பௌர்ணமிக்கு, நிலா கிழக்கே ஏறி வரும்போது மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். முயல் என்று குழந்தைக்குக் காட்டும் கருந்திட்டுகளை விட்டுவிட்டு, வலப்பக்கம் வெளுத்துக் கிடக்கும் பகுதிக்குக் கண்ணைக் கொண்டு வாருங்கள். அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். சாதாரண பைனாகுலர் இருந்தால், சுண்ணாம்புக் கரைசலை ஓங்கி அடித்ததுபோல அந்தப் புள்ளியிலிருந்து நாலா திசையும் கோடு கோடாகத் தெறித்திருப்பது தெரியும். அதுதான் டைக்கோ.

டைக்கோ ஒரு பள்ளம். குறுக்களவு சுமார் 85 கிலோமீட்டர், விளிம்பிலிருந்து தரை வரை ஆழம் ஏறக்குறைய 4,700 மீட்டர். நடுவே ஒரு மலை, தரையிலிருந்து 2 கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. பள்ளத்துக்குள் மலை எப்படி வந்தது? டைக்கோவில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

விண்கல் விழுந்து நிலாவைத் தோண்டியது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நடப்பது தோண்டல் இல்லை, வெடிப்பு. நொடிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் பாறை தரையைத் தொட்டதும் அதன் வேகமெல்லாம் அதிர்வலையாகவும் வெப்பமாகவும் மாறிவிடுகிறது. வந்த பாறையே பெரும்பாலும் உருகி ஆவியாகிப்போகும். சாய்வாக வந்து மோதினாலும் பள்ளம் வட்டமாகவே அமைவது இதனால்தான். மிகவும் படுகிடையாக உரசினால் மட்டுமே நீள்வட்டமாகும். அதிர்வலை கீழே இருக்கும் பாறையை அழுத்துகிறது. அழுத்தம் விலகியதும் அந்தப் பாறை, கெட்டித் திரவம்போல, மேல்நோக்கி எகிறி அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. தண்ணீரில் கல்லைப் போட்டால் நடுவில் ஒரு துளி எழும்புமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அப்புறம் செங்குத்தான சுவர்கள் தம் எடையைத் தாங்காமல் உள்ளே சரிந்து, படிக்கட்டுபோல அடுக்கடுக்காக நிற்கின்றன. இத்தனையும் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். ஆக, அந்த நடுமலை நிலாவின் ஆழத்திலிருந்து மேலே வந்த பாறை. சின்னப் பள்ளங்களுக்கு இந்த மலை கிடையாது. நிலாவில் சுமார் 20 கிலோமீட்டர் அகலத்தைத் தாண்டினால்தான் இது எழும்புகிறது.

2011இல் அமெரிக்காவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் அந்த மலையுச்சியைச் சூரிய உதய நேரத்தில் படமெடுத்தது. உச்சியில் 120 மீட்டர் அகலத்தில் ஒற்றைப் பாறை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

சரி, அந்த வெள்ளைக் கோடுகள்? மோதலில் எகிறிப் பறந்த தூளும் பாறையும்தான் அவை. காற்றில்லாத நிலாவில் அவற்றைத் தடுக்க எதுவுமில்லை. 1,500 கிலோமீட்டருக்கு மேலும் போய் விழுந்திருக்கின்றன. புதிதாக உடைந்த பாறை வெளுப்பாக இருக்கும். சூரியனிலிருந்து ஓயாமல் பாயும் மின்துகள்களான சூரியக்காற்றும் நுண்கற்களின் ஓயாத மோதலும் சேர்ந்து, காலப்போக்கில் அதைக் கருக்க வைக்கும். டைக்கோ இன்னும் பளிச்சென்று இருக்கிறது என்றால், அது இளையது என்று அர்த்தம். வயது சுமார் 10.8 கோடி ஆண்டு. பூமியில் டைனோசர்கள் உலவிக்கொண்டிருந்த காலம்.

அந்த வயதைச் சொன்ன கற்கள் டைக்கோவுக்குள் எடுத்தவை அல்ல. மனிதர் யாரும் அங்கே கால் வைத்ததில்லை. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 வீரர்கள் இறங்கிய பள்ளத்தாக்கு அங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. டைக்கோவின் சிதறல் வந்து விழுந்ததால்தான் அங்கே ஒரு மலைச்சரிவு நடந்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்த இடத்து மாதிரிகளின் வயதையே டைக்கோவின் வயதாக எடுத்துக்கொள்கிறோம். அது வலுவான அனுமானம், ஆனாலும் அனுமானம்தான்.

இனி பெயருக்கு வருவோம். 1645இல் வானியலாளர் வான் லாங்ரன் வரைந்த நிலாப்படத்தில் இந்தப் பள்ளத்துக்குப் போலந்து மன்னர் நான்காம் விளாடிஸ்லாவின் பெயர். இரண்டே ஆண்டில் இன்னொரு வானியலாளர் ஹெவீலியஸ் அதைச் சினாய் மலை என்றார். 1651இல் இத்தாலியப் பாதிரியார் ரிச்சியோலி, சக பாதிரியார் கிரிமால்டியோடு சேர்ந்து உருவாக்கிய படத்தில் டைக்கோ என்று எழுதினார். அந்தப் பெயர்தான் நிலைத்தது. மன்னர்களையும் புனிதத் தலங்களையும் விட்டுவிட்டு, வானத்தை ஆராய்ந்தவர்களுக்குப் பள்ளங்களைப் பகிர்ந்து கொடுத்தாரே, அதற்காகவே ரிச்சியோலிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். டைக்கோ பிராகே டென்மார்க்கின் வானியலாளர். 1601இல், தொலைநோக்கி வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, இறந்துபோனார். வெறும் கண்ணாலேயே கோள்களை அளந்த மனிதரின் பெயர், வெறும் கண்ணுக்கே தட்டுப்படும் பள்ளத்துக்கு அமைந்திருக்கிறது. இதைவிடப் பொருத்தமாக யாரும் வைத்திருக்க முடியாது.

இன்று சர்வதேச வானியல் ஒன்றியம்தான் பெயர்களை ஏற்கிறது. பெரிய பள்ளத்துக்கு மறைந்த அறிஞரின் பெயர். அதன் அக்கம்பக்கத்துச் சிறுபள்ளங்களுக்கு அதே பெயரோடு ஒரு எழுத்து, டைக்கோ ஏ, டைக்கோ பி என்று. எழுத்தோடு இருந்த பள்ளம் பிறகு தனிப்பெயர் பெறுவதும் உண்டு. ஹெரோடோட்டஸ் டி என்றிருந்த ஒன்றுதான் இன்று நம் சி.வி. ராமனின் பெயரில் இருக்கிறது.

பௌர்ணமியில் ஒரு சங்கடம்: நிழலே விழாது. கோடுகள் ஜொலிக்கும், பள்ளங்களோ மறைந்துவிடும். டைக்கோவுக்குப் பக்கத்திலேயே 230 கிலோமீட்டர் அகலத்தில் கிளேவியஸ் கிடக்கிறது. அன்று அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம். டைக்கோவின் சுவரையும் மலையையும் பார்க்க வேண்டுமென்றால் வளர்பிறை அஷ்டமி கழிந்த ஓரிரு நாளில் சின்னத் தொலைநோக்கி ஒன்றோடு வாருங்கள். அங்கே அப்போதுதான் விடியும். நேரம் அமைந்தால், பள்ளம் முழுக்க இருட்டாகக் கிடக்க, நடுவில் அந்த மலையுச்சி மட்டும் ஒரு பொட்டுபோல வெளிச்சத்தில் நிற்கும்.