ஆறு மாதம் என்று யார் சொல்வது?

தீராத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சை தருவது என் வேலை. "இதுக்கு மேல முடியல டாக்டர், ஏதாவது செஞ்சு முடிச்சிடுங்க" என்று நோயாளிகள் சொல்வது எனக்குப் புதிதல்ல. உடனே வீட்டார் "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைத்துவிடுவார்கள். எது முடியவில்லை என்றுதான் நான் கேட்பேன். வலி என்றால், பெரும்பாலும் மருந்தை மாற்றிச் சமாளித்துவிடலாம். ஆனால் சிலருக்கு, தன்னைக் கழுவிவிடக்கூட மகளை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் வேதனை. அதற்கு என்னிடம் மருந்தில்லை.

இப்படிக் கேட்பவர் மருத்துவர் உதவியோடு இறக்கச் சட்டம் இடம் தரலாமா என்பதுதான் விவாதம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பயன் தராத வென்டிலேட்டரை விலக்குவது வேறு; அங்கே நோய் தன் போக்கில் போகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018-ல் நிபந்தனைகளோடு ஏற்றது இதைத்தான். வலிக்கு முறையாகத் தரப்படும் மார்ஃபினும் ஆளைக் கொல்வதில்லை (இந்தப் பயத்தாலேயே வலியோடு கிடப்பவர்கள் எத்தனையோ பேர்). இப்போது விவாதத்தில் இருப்பது, தெளிந்த மனதோடு நோயாளி கேட்க, மருத்துவர் எழுதித் தரும் மருந்தை நோயாளி தானே உட்கொண்டு இறப்பது. மருத்துவரே ஊசி போட்டால் அது கருணைக்கொலை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 1997 முதல் நோயாளி தானே உட்கொள்வதை மட்டும் அனுமதிக்கிறது. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002-ல் மருத்துவர் ஊசி போடுவதையும் சட்டமாக்கின.

ஒரிகன் சட்டத்தின்படி, நோயாளி ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். முடிவெடுக்கும் தெளிவு அவருக்கு இருக்க வேண்டும். படிக்கும்போது உறுதியான வேலியாகத்தான் தெரிகிறது. ஆனால் எங்கள் தொழிலில் நாங்கள் அடிக்கடி சறுக்குகிற இடமே இந்த நாள் கணக்குதான். புற்றுநோயிலாவது ஓரளவு கணிக்கலாம். இதயச் செயலிழப்பிலும் நுரையீரல் நோயிலும் ஆள் விழுவார், எழுவார், மறுபடி விழுவார். நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் இந்த ஆறு மாதத்தை ரத்தப் பரிசோதனை முடிவு போல எடுத்துக்கொள்வது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மறதி நோய் வந்தவருக்கு இந்த வேலியால் இன்னொரு சிக்கல். ஆறு மாதம் மிச்சமிருக்கும் கட்டத்துக்கு வருவதற்குள் தெளிவு போய்விட்டிருக்கும். தெளிவு இருக்கும்போதோ ஆயுள் நிறைய மிச்சமிருக்கும். தசைகள் செயலிழந்துகொண்டே வரும் நரம்பு நோயாளியோ, விழுங்கும் திறன் போவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும் என்று அவசரப்படுவார்.

அப்படியானால் வரம்பைத் தளர்த்திவிடலாமா? கனடா அதைச் செய்தது. 2016 சட்டத்தில் இருந்த 'மரணம் அண்மையில் எதிர்பார்க்கப்பட வேண்டும்' என்ற நிபந்தனையை 2021-ல் நீக்கியது. ஒருமுறை கதவைத் திறந்தால் அகலமாகிக்கொண்டே போகும் என்பவர்கள் கனடாவைக் காட்டுகிறார்கள். ஒரிகனிலோ அந்த ஆறு மாத வரம்பு இன்றும் அப்படியே இருக்கிறது. ஆக, இரு தரப்புக்கும் கையில் சான்று உண்டு.

வலி தாங்காமல்தான் இதைக் கேட்கிறார்கள் என்று மேடைகளில் பேசுகிறார்கள். ஒரிகனின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால் தன் வாழ்க்கை தன் கையில் இல்லாமல் போவதும், பிடித்ததைச் செய்ய முடியாமல் போவதும்தான் முன்னே நிற்கின்றன. வலி பின்னால்தான் வருகிறது. மருந்துச் சீட்டு வாங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அதைச் சாப்பிடாமலேயே இறந்திருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு, வழி கையில் இருக்கிறது என்ற நினைப்பே போதுமானதாக இருந்திருக்கலாம்.

மாற்றுத்திறனாளி அமைப்புகள் பலவற்றின் எதிர்ப்பைத்தான் நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். வாழ உதவி கிடைக்காதவருக்குச் சாக உதவி கிடைத்தால் அது விருப்பமா, நிர்ப்பந்தமா என்று அவர்கள் கேட்கிறார்கள். வலி தணிப்புச் சிகிச்சை தேவைப்படுவோரில் சுமார் 14 விழுக்காட்டினருக்கே அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு எந்த நாடும் சட்டம் எழுதக்கூடாது.

அப்புறம், மருத்துவரின் மனசாட்சி. நியூசிலாந்தில் மருத்துவர் தானாக இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. இது சரியென்றே நினைக்கிறேன். படுக்கையில் கிடப்பவருக்கு, டாக்டர் சொல்லும் யோசனை பாதி உத்தரவு மாதிரி. நோயாளியே கேட்ட பிறகு, மனம் ஒப்பாத மருத்துவர் அவரை வேறொருவரிடம் அனுப்பியாக வேண்டுமா? ஆம் என்று கனடாவின் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. எல்லா நாடுகளும் அவ்வளவு தூரம் போகவில்லை. என்னைக் கேட்டால் மறுக்கலாம். ஆனால் எங்கே போய் விசாரிப்பது என்பதையாவது சொல்லியாக வேண்டும்.